குடிக்காதவர்களுக்கும் கணைய அழற்சி வருவது ஏன்? அது பரம்பரையாக வருமா?

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் வீங்கிப் புண்ணாவதே கணைய அழற்சி. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கும் வலி அதன் அடையாளம்.

கணையம் சுரக்கும் டிரிப்சின், புரதத்தைச் செரிக்கும் நொதி. சிறுகுடலுக்குப் போன பிறகுதான் அது வேலையைத் தொடங்க வேண்டும். பைக்குள் மடக்கி வைத்த கத்தி மாதிரி. டிரிப்சினை உருவாக்கும் பிஆர்எஸ்எஸ்1 மரபணுவில் பிழை இருந்தால், கத்தி உள்ளேயே விரிந்து பையைக் கிழிக்கிறது. 1996இல் கண்டறியப்பட்ட இந்தப் பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு. ஸ்பிங்க்1 மரபணு கத்தியைப் பூட்டி வைப்பது. இந்திய நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது இதிலுள்ள பிழைதான். ஆனால் இது மட்டும் நோயைக் கொண்டுவருவது அரிது, வேறொரு காரணமும் சேர வேண்டும்.

நோய் நீடித்தால் கணையம் போதிய நொதியைச் சுரக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. மருத்துவர் நொதி மாத்திரை தருவார். பலர் தவறுவது இங்கேதான். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து விழுங்கினால் பலன் குறையும். முதல் கவளத்தோடு எடுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் மீதியைச் சாப்பாட்டின் நடுவில். நசுக்கக் கூடாது. இன்சுலினைச் சுரப்பதும் கணையமே என்பதால், ரத்தச் சர்க்கரையையும் வருடாவருடம் பார்க்க வேண்டும். மதுவை விட்டவர்களில் சிலர் பீடியை விடுவதில்லை. அதுவும் கணையத்தை அரிக்கும்.

மரபணுப் பிழை இருந்தால் நோய் வந்தே தீரும் என்பது தவறு: பிஆர்எஸ்எஸ்1 பிழை உள்ளவர்களிலும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அது வருவதே இல்லை.