4எஸ் ஏன் முந்துகிறது? எலக்ட்ரான் அமைப்பு: சில கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, எலக்ட்ரான் முதலில் போவது 4எஸ்-க்கா 3டி-க்கா என்ற தகராறைச் சுற்றியே இருக்கின்றன. (அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குகளே கூடுகள்; இதில் எண் கூட்டையும், எழுத்து அதற்குள் உள்ள துணைக்கூட்டையும் குறிக்கும்.) ஆச்சரியமில்லை. துணைக்கூடுகள் நிரம்பும் வரிசையைக் காட்டும், அம்புக்குறி போட்ட அந்தப் படத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும் அளவுக்கு, அதன் காரணத்தை யாரும் சொல்லித்தருவதில்லை.

மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரான்கள் இருக்கலாம் என்கிறார்கள். அப்புறம் ஏன் பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1? 2, 8, 9 என்றுதானே வரவேண்டும்?

18 என்பது அந்தக் கூட்டின் மொத்தக் கொள்ளளவு. அதற்குள் 3எஸ் (2), 3பி (6), 3டி (10) என மூன்று துணைக்கூடுகள் உள்ளன. ஆர்கானிலேயே முதல் இரண்டும் நிறைந்துவிடுகின்றன. பொட்டாசியத்தின் 19-ஆவது எலக்ட்ரான் 3டி-க்குப் போகலாம், அல்லது 4எஸ்-க்குப் போகலாம். 3டி-க்குப் போனால் அணுக்கருவுக்குப் பக்கத்தில் அதைக் காண்பதே அரிது. உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரான்களும் அணுக்கருவின் மின்சுமையில் பெரும்பகுதியை மறைத்துவிடும். 4எஸ் எலக்ட்ரான் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். ஆனால் உள்கூடுகளை ஊடுருவி அணுக்கரு வரை போகும் வாய்ப்பு அதற்குக் கொஞ்சம் உண்டு. அங்கே மறைப்பு இல்லை, ஈர்ப்பு முழுதாகக் கிடைக்கிறது. அந்தக் கொஞ்சமே 4எஸ்-இன் ஆற்றலை 3டி-யை விடக் கீழே இழுத்துவிடப் போதும்.

4எஸ் முதலில் நிரம்புகிறது என்றால், இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகும்போது 3டி எலக்ட்ரான்கள்தானே முதலில் போகவேண்டும்? 4எஸ் ஏன் போகிறது?

நல்ல கேள்வி. '4எஸ் எப்போதும் 3டி-க்குக் கீழே' என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். மேலே சொன்ன கணக்கு பொட்டாசியத்துக்கும் கால்சியத்துக்கும் சரி. அடுத்துள்ள ஸ்கேண்டியத்திலேயே நிலைமை மாறிவிடுகிறது. அணுக்கருவின் மின்சுமை கூடக் கூட 3டி சட்டென்று சுருங்கி, 4எஸ்-ஐ விடக் கீழே இறங்கிவிடும்.

ஸ்கேண்டியத்தின் மூன்று வெளி எலக்ட்ரான்களையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். முதல் எலக்ட்ரான் 3டி-க்குத்தான் போகிறது. இரண்டாவது 4எஸ்-க்கு, மூன்றாவதும் 4எஸ்-க்கு. நிறமாலை ஆய்வுகள் காட்டுவது இதுதான். 3டி கீழே இருக்கும்போது மற்ற இரண்டும் ஏன் அங்கே போகவில்லை? 3டி இடம் குறுகலானது. அங்கே எலக்ட்ரான்கள் கூடினால் ஒன்றையொன்று விலக்கும் விசை அதிகம். விசாலமான 4எஸ்-இல் இருந்தால் அணுவின் மொத்த ஆற்றல் குறைகிறது.

இரும்பில் 3டி-யில் 6, 4எஸ்-இல் 2. வெளியே தளர்வாக இருக்கும் 4எஸ் இரண்டும் முதலில் போகும். மூன்றாவது அயனியாக்கத்தில்தான் 3டி-யில் கை வைக்கிறோம்.

குரோமியமும் (3டி-யில் 5, 4எஸ்-இல் 1) தாமிரமும் (3டி-யில் 10, 4எஸ்-இல் 1) விதியை மீறுவது 'பாதி நிரம்பிய, முழுதும் நிரம்பிய துணைக்கூடு நிலையானது' என்பதால்தானே?

தேர்வுக்கு அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது பாதி விளக்கம்தான். குரோமியத்தின் அதே தொகுதியில் கீழே இருக்கும் டங்ஸ்டனைப் பாருங்கள்: 5டி-யில் 4, 6எஸ்-இல் 2. பாதி நிரப்பும் வாய்ப்பு இருந்தும் அது எடுத்துக்கொள்ளவில்லை. நையோபியத்தில் 4டி-யில் 4, 5எஸ்-இல் 1; இது பாதியும் இல்லை, முழுதும் இல்லை. பல்லேடியத்திலோ 5எஸ் காலியாகவே கிடக்கிறது. எஸ், டி இரண்டின் ஆற்றலும் நெருங்கியிருக்கும் இடங்களில், விலக்கம், எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) ஒரே திசையில் இருப்பதால் கிடைக்கும் ஆற்றல் லாபம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எது குறைவோ அதுவே அமையும். அம்புக்குறிப் படம் நினைவில் வைக்க உதவும் உத்தி, இயற்கையின் சட்டம் அல்ல.

எல்லா எலக்ட்ரான்களும் ஆற்றல் மிகக் குறைந்த 1எஸ்-இலேயே இருந்துவிட்டால் என்ன?

இயற்பியலாளர் பௌலி 1925-இல் சொன்ன தவிர்க்கைத் தத்துவம் விடாது. ஓர் ஆர்பிட்டாலில் (துணைக்கூட்டுக்குள் உள்ள தனி இடம்; 1எஸ்-இல் ஒன்றே ஒன்று) இரண்டு எலக்ட்ரான்கள்தான், அவையும் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு. இந்தத் தடை இல்லையென்றால் தனிம வரிசை அட்டவணையே இருந்திருக்காது.

எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறதா, இல்லையா?

இல்லை. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-இல் வரைந்த பாதைகள் ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைச் சரியாகத் தந்தன. படம் மட்டும் நிற்கவில்லை. இன்று நாம் சொல்லக்கூடியது, எலக்ட்ரான் எங்கே அகப்படும் என்பதன் நிகழ்தகவைத்தான்.

யாரும் கண்ணால் பார்க்காத கூடுகள் இருப்பதை எப்படி நம்புவது?

அலுமினியத்திலிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆகும் ஆற்றலைப் பாருங்கள். ஒரு மோலுக்கு முதல் எலக்ட்ரானுக்கு 578 கிலோஜூல், இரண்டாவதற்கு 1,817, மூன்றாவதற்கு 2,745. நான்காவதற்கு ஒரே தாவலாக 11,577! மூன்று எலக்ட்ரான்களோடு வெளிக்கூடு தீர்ந்துவிட்டது என்று இந்த எண்களே சொல்கின்றன. விடாமல் பிரித்துக்கொண்டே போனால் அடுத்த பெரிய தாவல் 11-க்கும் 12-க்கும் இடையில், அதாவது இன்னும் எட்டு எலக்ட்ரான்கள் போன பிறகு. மிச்சம் இரண்டு. 2, 8, 3 என்று நாம் எழுதுவது இந்த அளவீட்டைத்தான்.