பி.எஸ்.ஏ. பாதியானால் நிம்மதி அடையலாமா?

கேள்வி: என் வயது 61. புராஸ்டேட் வீக்கத்துக்காக ஓராண்டாக ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். 4.2 இருந்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) இப்போது 2.1. புற்றுநோய் பயம் நீங்கியதா? இந்த மாத்திரை டிஎன்ஏவையே மாற்றிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறாது. சில மரபணுக்களின் வேலைவேகம்தான் குறையும். உங்கள் 2.1-க்கும் அதுவே காரணம்.

விந்தகத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், புராஸ்டேட் செல்லுக்குள் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியால் டிஎச்டி என்னும் வீரியம் கூடிய ஹார்மோனாகிறது. அது ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தை இறுகப் பற்றுகிறது. உடனே அந்த ஏற்பி உட்கருவுக்குள் சென்று, டிஎன்ஏவில் தனக்கென உள்ள இடங்களில் இரண்டிரண்டாக அமர்கிறது. சுருண்டு கிடக்கும் டிஎன்ஏ அங்கே நெகிழ்கிறது. அருகிலுள்ள மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. அவற்றில் ஒன்று, 19-ஆம் குரோமோசோமில் இருக்கும் பி.எஸ்.ஏ. மரபணு.

ஃபினாஸ்டெரைடு அந்த நொதியைத் தடுக்கிறது. டிஎச்டி குறைகிறது, சுரப்பி சுருங்குகிறது, பி.எஸ்.ஏ. உற்பத்தியும் தணிகிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அளவு ஏறக்குறைய பாதியாவது வழக்கம். ஆகவே உங்கள் 2.1-ஐ இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும்: 4.2. அதாவது நீங்கள் பழைய இடத்திலேயே நிற்கிறீர்கள். பயப்படத் தேவையில்லை, ஆனால் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. இனி இந்த 2.1 மெல்ல ஏறத் தொடங்கினால், வழக்கமாக எல்லையாகக் கொள்ளும் 4-ஐத் தொடவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடும்போதே ஏறுகிறது என்றால் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். முடி உதிர்வுக்கான 1 மி.கி. மாத்திரையும் பி.எஸ்.ஏ.வைக் குறைக்கும், அதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை என்பது என் கவலை.

இந்த மருந்துக்கான வழியைக் காட்டியது டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமம். பிறவியிலேயே இந்த நொதி குறைந்த ஆண்கள் அங்கே இருப்பதை 1974-இல் ஆய்வாளர்கள் விவரித்தனர். பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக வளர்ந்த அவர்களின் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. கருவில் ஆணுறுப்பு உருவாக டிஎச்டி எவ்வளவு அவசியம் என்பது அதில் தெளிவானது. எனவே வீட்டில் கர்ப்பிணி இருந்தால், உடைந்த அல்லது பொடித்த மாத்திரையை அவர் தொட விடாதீர்கள்.