குளிர்காலத்தில் மீன் பொரித்த வாடை

வணக்கம் சகோதரி. டொராண்டோ அடுக்குமாடியில், மைனஸ் குளிரில் ஜன்னல் திறக்க முடியாமல், மீன் பொரித்த வாடை மூன்று நாளாகியும் போகவில்லை, மகளின் பள்ளி ஜாக்கெட்டிலும் ஒட்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவள் கூச்சப்படுகிறாள் என்று படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் அடுப்புக்கு மேலே உள்ள ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது அதன் முன்பக்க இடுக்கிலிருந்து காற்று உங்கள் பக்கமே வருகிறதா? அப்படியென்றால் அது வாடையை வெளியே தள்ளவில்லை, வடிகட்டி வீட்டுக்குள்ளேயே விடுகிறது. உள்ளே இருக்கும் கரி ஃபில்டரைப் பெரும்பாலும் கழுவ முடியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். உலோக வலையைச் சுடுநீரில் பாத்திர சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். அதில் படிந்த பழைய எண்ணெய்ப் பிசுக்கே தனியாக நாறும்.

பொரித்து முடித்ததும் இரண்டு ஜன்னல்களை ஐந்து நிமிடம் முழுசாகத் திறந்து மூடுங்கள். காற்றுதான் மாறும், சுவரும் சாமான்களும் சூட்டை வைத்திருப்பதால் வீடு சீக்கிரம் கதகதப்பாகிவிடும். நாள் முழுக்க ஓர் இடுக்குத் திறந்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். குளியலறை ஃபேனும் ஓடட்டும். பொது நடைபாதைப் பக்கம் உள்ள வாசல் கதவை மட்டும் திறக்காதீர்கள், வாடை பக்கத்து வீட்டுக்குப் போகும்.

மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் காரத்தன்மை உள்ளவை, வினிகர் அமிலம். அதனால் அடுப்பையும் சுவர் டைலையும் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் அடங்கும். வாசனை மெழுகுவர்த்தி அதை மூடி மறைக்கத்தான் செய்யும்.

அப்புறம் ஜாக்கெட். சமைக்கும் முன்பே அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.