கேளுங்க சொல்றேன்: பழச கிளறிவிடுற படங்கள்

போன இதழ்ல 'பழைய ஞாபகத்த கிளறிவிட்ட படம் எது, அத பத்தி கேளுங்க'ன்னு சும்மா ஒரு வரி போட்டு வெச்சேன், அது தப்பா போச்சு. வந்த கடுதாசில பாதி பேர் கேள்வியே கேக்கல, அவங்கவங்க பத்தாங்கிளாஸ் கதைய பக்கம் பக்கமா எழுதி அனுப்பிட்டாங்க. கடைசில கேள்விக்குறி போட்டவங்களுக்கு மட்டும் இந்த தடவ பதில்.

96 படத்த எட்டு தடவ பாத்துட்டேன், எட்டு தடவயும் அழுதேன். ஆனா 96ல எனக்கு ரெண்டு வயசு. நான் வாழாத காலத்துக்கு நான் எதுக்கு அழணும்?
வாசகி, திருவாரூர்

தங்கச்சி, அந்தப் படத்துல 96ங்கறது சும்மா ஒரு பேட்ச் நம்பர். படம் முழுக்க நம்மள ஒரு பாட்டுக்காக காக்க வெச்சிருக்காங்க, அதுதான் விஷயம். ஸ்கூல்ல ஜானு எந்த பாட்டு கேட்டாலும் பாடுவா, ராம் ஆசப்பட்ற 'யமுனை ஆற்றிலே'வ மட்டும் பாட மாட்டா, அப்படி ஒரு அழுத்தக்காரி. இருபத்திரண்டு வருஷம் கழிச்சு சிங்கப்பூர்ல இருந்து ரீயூனியனுக்கு வர்றா, கல்யாணமாகி குழந்தையும் இருக்கு, விடிஞ்சா ஃப்ளைட்டு, அவன் வீட்டுல கரண்ட் போயிடுது, அந்த இருட்டுல எந்த மியூசிக்கும் இல்லாம அத பாட ஆரம்பிக்கறா. 1991ல தளபதில வந்தப்போ எவ்ளோ குட்டிப் பாட்டு அது, கண்ண சிமிட்டினா முடிஞ்சிடும். அத போய் டைரக்டர் பிரேம்குமார் அவ்ளோ நேரம் பூட்டி வெச்சு, நாமளே மறந்துட்ட நேரமா பாத்து திறந்து விடுறார். உங்க கிளாஸ்லயும் உங்கள ஏதோ ஒண்ணுக்கு காக்க வெச்ச ஆள் ஒருத்தர் இருந்திருப்பார்ல, அவர் வந்து அந்த இருட்டுல நின்னுருப்பார், அவர் 2009 பேட்ச்சா இருந்தா என்ன. எட்டாவது தடவயும் அழுகை வருதுன்னா அவர் பேர எனக்கு எழுத வேணாம், உங்ககிட்டயே இருக்கட்டும்.

நாஸ்டால்ஜியாவுக்கு நல்ல தமிழ் வார்த்தை என்ன? 'மலரும் நினைவுகள்' கேட்டு கேட்டு புளிச்சு போச்சு.
வாசகர், ஈரோடு

எனக்கும்தான் புளிச்சு போச்சு. 'நினைவேக்கம்'னு சிலர் எழுதறாங்க, பரவால்ல, ஆனா டீக்கடைல அப்படி சொன்னா திரும்பி பாப்பாங்க. வெறும் 'ஏக்கம்' போதும்னு நான் நினைக்கறேன். அந்த இங்கிலீஷ் வார்த்தையே முதல்ல ஒரு வியாதியோட பேருதான், 1688ல யோகான்னஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர், ஊர விட்டு வந்தவங்க வீட்ட நினைச்சு நினைச்சு சோறு எறங்காம தூக்கம் வராம படுத்துடறாங்களேன்னு, வீடு திரும்பறதுக்கும் வலிக்கும் உள்ள கிரேக்க வார்த்தைகள ஒட்டவெச்சு உண்டாக்கினார். அப்புறம் சுவிஸ்காரங்க கூலிப்படையா அடுத்த நாட்டுக்கு போறப்போ ஊர்ல மாடு மேய்க்கற பாட்ட கேட்டாலே இந்த நோவு வந்துடும்னு ஒரு பேச்சு இருந்துச்சு. பாருங்க, அங்கயும் ஒரு பாட்டுதான் வில்லன்.

வார்த்தை கிடக்கட்டும், சரக்கு நம்மகிட்ட எப்பவோ இருக்கு. புறநானூறு 243 எடுத்து பாருங்க. ஒரு கிழவர், கம்ப ஊனிக்கிட்டு, உடம்பு நடுங்குது, இருமலுக்கு நடுவுல நாலு வார்த்த பேசறார். சின்ன வயசுல மணல்ல பொம்ம செஞ்சு பூ வெச்சது, பொண்ணுங்க கைய கோத்துக்கிட்டு குளத்துல ஆடினது, மருத மரத்து கிளைல ஏறி கரைல இருக்கறவங்க மேல தண்ணி தெறிக்க 'துடுமென' குதிச்சு, அடியாழம் வரைக்கும் முங்கி ஒரு பிடி மணல் அள்ளிட்டு வந்து காட்டினது. அந்த இளமை எங்க போச்சோன்னு கேக்கறார், அவ்ளோதான் பாட்டு. எழுதினவர் பேர் கூட தெரியாது, பாட்டுல வர்ற வார்த்தைய வெச்சே தொடித்தலை விழுத்தண்டினார்னு கூப்பிடறோம். எனக்கு அதுல உயிரே அந்த 'துடும்'தான். அந்த சத்தம் மட்டும் இல்லன்னா அவர் குதிச்சத நான் நம்பியிருக்க மாட்டேன்.

பீரியட் படம்னாலே எல்லாத்தையும் மஞ்சத் தண்ணில முக்கி எடுத்த மாதிரி காட்டறாங்களே, பழைய காலம் என்ன மஞ்சளாவா இருந்துச்சு?
வாசகர், திருநெல்வேலி

அண்ணாச்சி, நல்லா கேட்டீங்க. மஞ்ச கலர், ஒரு ரோட்டரி போன், செவுத்துல பழைய போஸ்டர், முடிஞ்சது வேலைன்னு நினைக்கறாங்க. சுப்ரமணியபுரம் (2008) ஏன் நின்னுச்சு? பெல்பாட்டம், தாடி, முடி எல்லாம் கரெக்டா இருந்துச்சு, ஒத்துக்கறேன், ஆனா என்ன 1980 மதுரைக்கு கூட்டிட்டு போனது 'சிறு பொன்மணி அசையும்' பாட்டு. அதே வருஷம் வந்த கல்லுக்குள் ஈரம் பாட்டு அது. தியேட்டர்ல முரட்டுக்காளை ஓடுது, உள்ள விசில் பறக்குது, அதுவும் அதே வருஷம். அந்த காலத்துக்காரன் காதுல என்ன விழுந்துச்சோ அத போட்டார் சசிகுமார். இன்னொன்னும் செஞ்சார், அதான் பெரிசு. நம்மள பாதி படம் அந்த காலத்து மேல ஆசப்பட வெச்சுட்டு மீதி பாதில கழுத்த அறுத்தார். கண்ணாலயே காதலிச்ச பொண்ணு கடைசில ஹீரோ அழகர காட்டிக் குடுக்கறா. 'அந்த காலம் மாதிரி வருமா'ன்னு சொல்ற வாய மூட வெச்ச படம் அது.

என் காதுல இருக்கற பழைய காலத்தையும் சொல்லிடறேன், கேக்கலன்னாலும். எங்க ஊர்ல டூரிங் டாக்கீஸ், கீத்துக் கொட்டகை. சாயங்காலமானா குழாய் ஸ்பீக்கர்ல சீர்காழி 'விநாயகனே வினை தீர்ப்பவனே' பாட ஆரம்பிப்பார், அது காதுல விழுந்தா அம்மா கொழம்ப எறக்கி வெச்சுட்டு தலைய வாரிக்க ஆரம்பிப்பாங்க, இன்னும் ரெண்டு மூணு பாட்டுக்குள்ள டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சுடுவாங்கன்னு கணக்கு. தர டிக்கெட்ல மணல கூட்டி மேடாக்கி உக்காந்தா பின்னாடி இருக்கற ஆள் 'தம்பி மறைக்குது'ன்னு கால்லயே தட்டி விட்டுடுவார், திருப்பி கூட்டுவோம். ஒரே ஒரு ப்ரொஜக்டர்தான், அதனால ரீல் மாத்த மாத்த இடைவேளை, ஒரு படத்துக்கு மூணு. இருட்டுல முறுக்கு விக்கற பையன் குரலும் உள்ள அந்த மெஷின் ஓடற கடகட சத்தமும் சேந்துதான் எனக்கு சினிமா. இப்ப டிஜிட்டல்ல எல்லாம் சுத்தமா கேக்குது, அதனாலயே ஏதோ குறையுது. (கொட்டகைல மூட்டப்பூச்சி இருந்துச்சு, வீட்டுக்கு வந்து விடிய விடிய சொறிஞ்சோம், அத யாரும் படத்துல வெக்கறதில்ல.)

டிவில ஆட்டோகிராஃப் போட்டாலே என் மனைவி ரிமோட்ட பிடுங்கி ஆஃப் பண்றாங்க. தேசிய விருது வாங்கின படம்னு சொன்னாலும் கேக்கல. நியாயம் சொல்லுங்க.
வாசகர், கடலூர்

விருது வாங்கிச்சு, 'ஒவ்வொரு பூக்களுமே' பாட்டுக்கு சித்ராவுக்கும் பா.விஜய்க்கும் சேத்தே குடுத்தாங்க, எல்லாம் வாஸ்தவம். ஆனா உங்க வீட்டம்மா பக்கம்தான் நியாயம். சேரன் கல்யாண பத்திரிகைய தூக்கிட்டு பழைய காதலிங்க வீடு வீடா போறார், ஊரே கண்ண தொடைச்சுக்குது. இதையே உங்க மனைவி செஞ்சிருந்தா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க மண்டபத்துக்கு குடுத்த அட்வான்ஸ திருப்பி கேட்டிருப்பாங்க. நம்ம சினிமால ஞாபகம்ங்கறது ரொம்ப நாளா ஆம்பளைங்க பேர்ல பட்டா போட்ட நிலம். அழகி (2002) படத்த பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச படம், தங்கர் பச்சான் மண்ண தெரிஞ்ச மனுஷன், அதுலயும் பாத்திபன்தான் பழச நினைச்சு உருகறார். தனம் அவர் வீட்டுலயே வேலைக்காரியா வந்து பாத்திரம் தேய்க்கறா. அவளுக்கும் அதே ஸ்கூல், அதே ஊர், ஞாபகமும் அதேதான். ஆனா உக்காந்து ஏங்க அவளுக்கு நேரம் ஏது, புள்ளைக்கு சோறு வேணும். நந்திதா தாஸ் முகத்துல அது தெரியும், வசனத்துல இருக்காது. அடுத்த தடவ ஆட்டோகிராஃப் போட்டா ரிமோட்ட குடுத்துட்டு, 'நீ யாருக்கு பத்திரிகை குடுத்திருப்பே'ன்னு கேட்டு பாருங்க. பதில எனக்கு எழுத தைரியம் இருந்தா எழுதுங்க.

கில்லி ரீ-ரிலீஸுக்கு அப்படி ஒரு கூட்டம் ஏன்? டிவில நூறு தடவ பாத்த படம்தானே?
வாசகர், சேலம்

நூறு தடவ பாத்ததாலதான். 2004ல வந்த படம் 2024 ஏப்ரல்ல திரும்ப வந்தப்போ போன பசங்கள்ல பாதி பேர் முதல் ரிலீஸப்போ தொட்டில்ல இருந்தவங்க. வசனம் மனப்பாடம், ஆனா வீட்டுல கத்தினா அப்பா திட்டுவார், தியேட்டர்ல கத்தலாம்.

மெய்யழகன்ல ஒண்ணுமே நடக்கல, ரெண்டு பேர் விடிய விடிய பேசறாங்க. இது ஒரு படமா?
வாசகர், மதுரை

ரிலீஸானப்புறம் பதினெட்டு நிமிஷத்துக்கு மேல வெட்டினாங்களே, உங்க கடுதாசிய முன்னாடியே பாத்துட்டாங்க போல. எனக்கு வெட்டாதது பிடிச்சுது. சொத்து தகராறுல ஊர விட்டு போன அரவிந்த்சாமி தங்கச்சி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வர்றார், ஒருத்தன் 'அத்தான் அத்தான்'னு ஒட்டிக்கறான், இவரோட சின்ன வயசு மொத்தமும் அவனுக்கு அத்துப்படி, இவருக்கு அவன் பேரே ஞாபகம் இல்ல. இவர் விட்டுட்டு போன ஒரு பழைய சைக்கிள வெச்சு அந்த குடும்பமே எழுந்து நின்னுருக்கு, அதுவும் இவருக்கு தெரியாது. இதுக்கு மேல என்ன நடக்கணும்?

உங்களுக்கு இது நடந்ததில்லன்னு நினைக்கறேன். எனக்கு நடந்துச்சு. போன தை மாசம் எங்க ஊர் கல்யாணத்துல ஒருத்தர் வந்து கைய பிடிச்சுக்கிட்டு 'என்ன தெரியுதா'ன்னார், 'தெரியாம என்ன'ன்னுட்டேன். அப்புறம் ரெண்டு மணி நேரம், பக்கத்து எலைல உக்காந்து சாப்பிட்டார், என் எலைக்கு ரசம் கேட்டு வாங்கி போட்டார், நான் ஏழாங்கிளாஸ்ல வாய்க்கால்ல செருப்ப விட்டுட்டு அழுதத சொல்லி சிரிச்சார், பஸ் ஏத்திவிட்டார். அண்ணே, இத நீங்க படிச்சீங்கன்னா பேர மட்டும் ஒரு கார்டுல எழுதி பத்திரிகை ஆபீஸ் விலாசத்துக்கு போட்டுடுங்க.