பஞ்சர் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா? வாசகர் கேள்வி-பதில்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு மோட்டார் ஓட்ட நம் தோட்டப்புறத்தில் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வந்த கடிதங்களில் பாதி பஞ்சரைப் பற்றியவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன், வசவுகளை எடுத்துவிட்டேன்.

கே: நானும் மனைவியும் சுங்கை சிப்புட்டிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாரு போகிறோம். பழைய 650 அட்வெஞ்சர் பைக், கம்பி ரிம். 49 வெள்ளிக்கு ஒரு புழு செட் வாங்கிவிட்டேன். போதுமா? (ஆர்.கே.)

கம்பி ரிம் என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த வரியில் புழு செட் என்கிறீர்களே தம்பி. கம்பி ரிம்மில் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். மலாய்க்காரர்கள் சாச்சிங் என்று சொல்லும், ஓட்டையில் குத்தி அடைக்கும் அந்தப் பிசுபிசுத்த ரப்பர்ப் புழு, டியூப் இல்லாத டயருக்கு மட்டும்தான். டியூப் டயரில் குத்தினால் இருக்கிற ஓட்டையோடு இன்னொரு ஓட்டை போட்டதாகத்தான் ஆகும். சில விலையுயர்ந்த பைக்குகளில் கம்பிகள் ரிம்மின் நடுவில் இல்லாமல் ஓரத்தில் மாட்டியிருக்கும், அவற்றில் டியூப் கிடையாது. உங்களுடையது எது என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். அதற்குக் காசு இல்லை.

டியூப்தான் என்றால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முன் டியூபை மட்டும் வைத்துக்கொண்டு அவசரத்துக்குப் பின்னாலும் திணித்துவிடலாம் என்பார்கள். தனியாகப் போகிறவர் அப்படித் திணித்துக்கொண்டு மெதுவாக ஊர் போய்ச் சேரலாம், இரண்டு பேரும் மூட்டையும் ஏறிய பின் சக்கரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். டயர் லிவர் மூன்று, ஆக்சில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர், வால்வு கழற்றி, ஒட்டுப்போடும் பசை (பசை புதிதாக இருக்கட்டும்), ஒரு சின்ன பாட்டில் சவர்க்காரத் தண்ணீர், ஒரு பம்பு. இவ்வளவும் வாங்கிய பிறகு வீட்டு வாசலில் பின் சக்கரத்தை ஒரு தடவை கழற்றி, டயரை விலக்கி, டியூபை உருவி, திரும்ப மாட்டுங்கள். முதல் தடவை லிவரால் புது டியூபையே கடித்துக் கிழித்துவிடுவீர்கள், எல்லாரும் கிழிப்பார்கள். அது வாசலில் நடந்தால் டியூப் காசோடு போகும். கிரிக்கை விட்டால் ஜெலி வரை சுமார் 120 கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை, பண்டிங் பாலத்தருகே கொஞ்சம் ஆள் நடமாட்டம், அவ்வளவுதான். யானை குறுக்கே வரும் சாலை அது. இருட்டுவதற்கு முன் ஜெலியில் இறங்கும்படி கிளம்புங்கள்.

கே: கிளம்பும்முன் டயருக்குள் பஞ்சர் அடைக்கும் பசைத் தண்ணீரை ஊற்றிவிட்டால் கவலை இல்லையாமே?

ஊற்றலாம். சின்ன ஆணி ஓட்டை அடைபடும். அப்புறம் டயரைக் கழற்றும்போது பட்டறைக்காரர் திட்டுவதையும் கேட்டுக்கொள்ளலாம்.

கே: இணையத்தில் 89 வெள்ளிக்கு பேட்டரி பம்பு வாங்கினேன். 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லோஜிங் சாலையில் பின் டயருக்குப் புழு குத்திவிட்டுப் போட்டால் 18 பிஎஸ்ஐயில் நின்று செத்துவிட்டது. விற்றவர் 'நீங்கள் சார்ஜ் சரியாகப் போடவில்லை' என்கிறார். (டி.எம்., தாப்பா)

உங்கள் மேல் தப்பே இல்லை. இந்த 150 பிஎஸ்ஐ விவகாரத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்.

இரண்டு பேர் ஏறும் பெரிய பைக்கின் பின் டயருக்கு வேண்டியது 36இலிருந்து 42 பிஎஸ்ஐ. 150 யாருக்கு வேண்டும்? லோரிக்குக்கூட வேண்டாம். அந்த எண், பம்பு எவ்வளவு அழுத்தம் வரை தள்ளும் என்பதற்கு, அதுவும் ஒரு தம்ளர் அளவு டப்பாவுக்குள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும், சூடேறி நிற்காமல் எத்தனை நிமிடம் ஓடும் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். அந்த இரண்டையும் பெட்டியில் தேடிப் பாருங்கள். பாதிப் பெட்டிகளில் இருக்காது, இருந்தால் எறும்பு படிக்கும் எழுத்தில் இருக்கும். என் அலமாரியில் செத்த பம்பு மூன்று கிடக்கிறது. ஒன்று பேட்டரி வகை, உங்களுடையதன் அண்ணன். இன்னொன்று 12 வோல்ட் வயர் வகை. அதை பைக்கின் ஹேண்டில் பக்கத்துச் சாக்கெட்டில் செருகினேன், பட்டென்று ஃபியூஸ் போயிற்று. பல பைக்குகளில் அந்தச் சாக்கெட் ஃபோன் சார்ஜுக்கு வைத்தது, 5 அல்லது 10 ஆம்பியர்தான் தாங்கும், பம்பு அதற்கு மேல் கேட்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயரும் தனி ஃபியூஸும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவதன் கதை வேண்டாம், வீட்டில் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இப்போது வயர் பம்பு ஒன்றும், சைக்கிளுக்கு அடிக்கும் கைப்பம்பு ஒன்றும் வைத்திருக்கிறேன். கைப்பம்பு அடித்தால் தோள் கழன்றுவிடும், ஆனால் அதற்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

உங்கள் 89 வெள்ளிக்கு வருவோம். விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், விற்றவரோடு பேசியதையும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டியதில்லை. விற்றவர் இந்த நாட்டில் கடை வைத்திருப்பவர் என்றால் போடுங்கள்.

கே: என் கணவர் ஓட்டுகிறார், நான் பின்னால். பஞ்சர் ஆனால் நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் 'இறங்கி நில்' என்கிறார். (பெயர் வேண்டாம்)

முதல் வேலையை இறங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும், சகோதரி. பின் டயர் இறங்கினால் மோட்டாரின் பின்பக்கம் வாலாட்டும், அதை அவரைவிட நீங்கள் முன்னால் உணர்வீர்கள். முதுகில் தட்டுங்கள், அப்புறம் அசையாமல் உட்காருங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். அவர் பிரேக்கை மிதித்து ஆடாமல் மெல்ல வேகத்தைக் குறைக்கட்டும். நின்ற பிறகு, ஆமாம், இறங்கி நில்லுங்கள், ஆனால் வளைவுக்குச் சற்று முன்னால் போய், வருகிற லோரிக்குக் கை காட்டும் இடத்தில். கிளம்பும் காலையில் இன்னொன்று: இரண்டு பேருக்கான காற்றளவு செயின் பக்கத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும், ஒருவருக்கானதைவிடப் பெரும்பாலும் கூடுதலாக. டயர் சூடேறும்முன் அளந்தாரா என்று கேளுங்கள். காற்று குறைந்த டயர் சூடாகிச் சீக்கிரம் கெடும். 'இறங்கி நில்' என்பவர்தான் அளக்க மறப்பவர்.

கே: புதுசு என்று சொல்லி 410 வெள்ளிக்குப் பின் டயர் போட்டார்கள். ஒரு மாதத்தில் பக்கவாட்டில் வெடிப்பு. நண்பர் பார்த்து டயரே பழசு என்றார். கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் காட்டுகிறார்கள். (எஸ்.பி., பாகான் செராய்)

வயிறு எரிகிறது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 0917 என்றால் 2017ஆம் ஆண்டின் 9ஆவது வாரம் செய்தது. உங்கள் எண்ணைப் படம் எடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பலகைக்குப் பயப்பட வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு பலகை மாட்டி எடுத்துவிட முடியாது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், பெரும்பாலான தவுக்கேக்கள் (கடை முதலாளிகள்) நடுவர் மன்றத்தின் பெயரைப் பார்த்ததும் டயரை மாற்றிவிடுவார்கள். அதுவரை அந்த டயரில் மனைவியை ஏற்றாதீர்கள்.

கே: புழு குத்திய டயரில் இரண்டு பேர் எவ்வளவு தூரம் போகலாம்?

அடுத்த ஊர்ப் பட்டறை வரை, 80க்கு மேல் ஓட்டாமல். பக்கவாட்டில் ஓட்டை என்றால் புழுவே வேண்டாம்.

கே: ஒரு வருடத்துக்கு முன் வாங்கிய பஞ்சர் செட்டை வழியில் பிரித்தால் பசை கல்லாகிவிட்டது, ஊசியின் பிளாஸ்டிக் பிடி உடைந்துவிட்டது. கேஸ் குப்பி ஒன்றுதான் இருந்தது, பாதி டயர்கூட ஏறவில்லை. கம்பெனிமேல் வழக்குப் போடலாமா? (கே.வி.)

ஒரு வருடம் பெட்டியைத் திறக்காதவருக்காக நான் வழக்குப் போட்டால் நீதிபதி என்னைத்தான் முறைப்பார். பசை காய்ந்துபோகும் பொருள். 16 கிராம் குப்பி ஒன்றால் பெரிய பின் டயர் நிறையாது, மூன்று நான்கு வேண்டும் என்பதை வாங்கும்போது கேட்டிருக்கலாம்.

ஆனால் பிடி விஷயத்தில் உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு நானும் அதே வகையை வாங்கினேன். லெங்கோங் தாண்டிப் பின் டயரில் மூன்று அங்குல ஆணி. ஓட்டையை ராவும் ஊசியைக் குத்தித் திருகினேன், மஞ்சள் பிளாஸ்டிக் பிடி மட்டும் கையில் சுற்றியது, கம்பி டயரிலேயே நின்றுவிட்டது. என் மனைவி மைல்கல் மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரிக்காரர் நிறுத்தி, இடுக்கியால் கம்பியைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு, 'அண்ணே, டி எழுத்து மாதிரி இரும்புப் பிடி போட்டது வாங்குங்கள்' என்று சொல்லிவிட்டுப் போனார்.