தினமும் நடந்தும் அப்பாவுக்கு தொடை மெலியுதா?
72 வயசு அப்பா, தினமும் நடக்குறாரு, ஆனாலும் தொடை மெலிஞ்சு சேர்ல இருந்து கை ஊனாம எந்திரிக்க முடியலன்னு எழுதியிருந்தீங்க. நடை இதயத்துக்கு நல்லதுதான், ஆனா வயசானா அதிகமா சுருங்குறது வேகமா இயங்குற தசை இழைங்க, மெதுவா நடக்குறப்போ அதுக்கு பெருசா வேலையே வராது, போதாக்குறைக்கு அத இயக்குற நரம்பு செல்லும் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகும், அனாதையான இழையில சிலத பக்கத்து நரம்பு எடுத்துக்கும், மிச்சம் அழிஞ்சிரும். அதே அளவு புரோட்டீன் சாப்பிட்டாலும் இளவயசு மாதிரி தசை கட்டாது, அதான் ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 1 முதல் 1.2 கிராம் புரோட்டீன்னு சொல்றாங்க (கிட்னி பிரச்சன இருந்தா டாக்டர கேக்காம ஏத்தாதீங்க). சேர்ல உக்காந்து எந்திரிக்குறதையே பயிற்சியா வாரம் ரெண்டு மூணு நாள் செய்யட்டும், 90 வயசுலயும் பலம் ஏறும். ஒரு கால் மட்டும் மெலிஞ்சாலோ எடை மடமடன்னு குறைஞ்சாலோ அது வேற கத, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.