காலையில் வரும் சத்தம் வேறு, மலையில் வரும் சத்தம் வேறு

கேள்வி: என்னிடம் 2003 மாடல் குவாலிஸ் டீசல் வண்டி இருக்கிறது. மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இரண்டு மாதமாக முன்பக்கம் லாரி வருவது போல 'ஹோ' என்று சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பர்லியாறு தாண்டி குன்னூர் ஏறும்போது மறுபடி ஆரம்பித்தால் நிற்பதே இல்லை. ஏசி போட்டால் இன்னும் அதிகம். ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் விட்டால் லேசாகக் கரகரப்பும் கேட்கிறது. ஒரு மெக்கானிக் ஃபேன் கிளட்ச்சை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், செலவே வேண்டாம், வெல்டு வைத்து லாக் செய்துவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது அண்ணா?
- ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: முதலில் வெல்டு வைக்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். கிளட்ச்சையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் மூன்று சத்தங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் வண்டியில் ஃபேன் கரண்டில் சுற்றுவதில்லை, பெல்ட்டில் சுற்றுகிறது. வாட்டர் பம்ப் புல்லிக்கும் ஃபேனுக்கும் நடுவில் வட்டமாக, அலுமினியத்தில், துடுப்பு துடுப்பாக ஒன்று இருக்கும். அதுதான் ஃபேன் கிளட்ச். பட்டறையில் விஸ்கஸ் என்போம். உள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெய். முன்முகத்தில் கடிகார ஸ்பிரிங் போல ஒரு சுருள் தெரியும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டை அந்தச் சுருள் உணர்ந்து திரும்பும். அது திரும்பினால் உள்ளே வழி திறந்து எண்ணெய் பரவி, ஃபேன் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றும். சூடு தணிந்தால் எண்ணெய் பின்வாங்கும், ஃபேனும் தளர்ந்து மெதுவாகச் சுற்றும். நீங்கள் கேட்கிற 'ஹோ', ஃபேன் இறுகச் சுற்றும்போது வருகிற காற்றுச் சத்தம்.

காலைச் சத்தத்துக்குக் கவலைப்படாதீர்கள். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது எண்ணெய் வேலை செய்யும் அறைக்குள் இறங்கித் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு நிமிடம் ஃபேன் இறுகித்தான் இருக்கும். எண்ணெய் வெளியே தள்ளப்பட்டதும் அடங்கும். அது நல்ல கிளட்ச்சும் செய்கிற வேலைதான். என்ஜின் நன்றாக ஓடிய பிறகும், சமதளத்தில்கூட அடங்காமல், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போனால்தான் கிளட்ச் இறுகி நின்றுவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு அப்படி இல்லை.

மலையில் வரும் சத்தத்தைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். இரண்டாவது கியரில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு ஏறினால் ஃபேன் இறுகுவது அதன் கடமை. ஆனால் இரண்டு மாதம் முன்பு இதே மலையில் இவ்வளவு சத்தம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் சுருளுக்கு வரும் காற்று முன்பைவிட அதிகச் சூடாக வருகிறதோ என்று பார்க்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வேனில். பல்லடம் பக்கம் பஞ்சாலைக்கு ஆள் ஏற்றும் வண்டி. இதே 'ஹோ'. சத்தத்தைக் கேட்டதுமே கிளட்ச் என்று முடிவு செய்து புதுசு மாட்டிக் கொடுத்தேன். நான்காம் நாள் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. அப்போதுதான் கிரில்லைக் கழற்றி, ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டன்சருக்கும் அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பஞ்சும் தூசியும் சேர்ந்து மெத்தை மாதிரி படிந்திருந்தது. முன்னால் நின்று பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத்தான் தெரியும், அழுக்கெல்லாம் அந்த இடைவெளியில். இரண்டையும் பிரித்துக் கழுவியதும் சத்தம் போய்விட்டது. பழைய கிளட்ச்சையே மறுபடி மாட்டிக் கொடுத்தேன். அந்த ஓனரிடம் கிளட்ச்சுக்குக் காசு வாங்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து டார்ச் அடிக்காமல் எந்த ஃபேனிலும் கை வைப்பதில்லை.

அதனால் நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். கழுவும்போது என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். பிரஷர் வாட்டரைக் கிட்டே பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய துடுப்புகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். அப்புறம், ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் இருக்கிறதா? உள்ளே உப்புப் படிந்தால் வெளியே எவ்வளவு கழுவியும் பயன் இல்லை. என்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். துரு நிறமும் வெள்ளைப் பொறுக்கும் இருந்தால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

இனி ஐடிலில் கேட்கும் கரகரப்பு. இது காற்றுச் சத்தம் இல்லை, இரும்புச் சத்தம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனின் எதிரெதிர் இறக்கைகளின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். புல்லி அசையாமல் ஃபேன் மட்டும் ஆடினால் கிளட்ச் பேரிங். புல்லியும் சேர்ந்து ஆடினால் வாட்டர் பம்ப் பேரிங். பம்ப்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதிலிருந்து கூலண்ட் ஒழுகிய தடம் இருந்தால் பம்ப் போகப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஆடவில்லையா? என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். கரகரப்பு மறைந்துவிட்டால் அந்த பெல்ட் சுற்றுகிற சாமான்களில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் எதில் மணல் அரைவது போலத் தெரிகிறதோ அதுதான். பெல்ட் இல்லாமல் வண்டியைத் தெருவுக்குக்கூட எடுக்காதீர்கள். இந்த மாதிரி டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு வேக்குவம் கொடுக்கிற பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் இல்லையென்றால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

கிளட்ச்சையும் ஒரு முறை சோதித்துவிடலாம். மலை ஏறி வந்த சூட்டோடு என்ஜினை அணைத்துவிட்டு, ஃபேனைக் கையால் ஒரு சுண்டு சுண்டுங்கள். கனமாகச் சுற்றி உடனே நின்றால் நல்லது. இரண்டு மூன்று சுற்று சும்மா ஓடினால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது. முன்முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய்த் தடமும் அதில் ஒட்டிய மண்ணும் இருக்கும். அப்படிப்பட்ட கிளட்ச்சில் சத்தம் குறைவாகத்தான் வரும், ஆனால் மலையில் சூடு ஏறும். உங்கள் வண்டியில் சத்தம் அதிகம் வருவதால், கிளட்ச்சுக்கு இன்னும் பிடிப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மேடு பள்ளத்தில் மட்டும் 'சரக் சரக்' என்று கேட்டால், ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டில் உரசிய தடம் இருக்கிறதா பாருங்கள். இத்தனை வருட வண்டியில் என்ஜின் மவுண்டிங் ரப்பர் அமுங்கி, ஃபேன் கீழே இறங்கியிருக்கும்.

வெல்டு ஏன் கூடாது? லாக் செய்துவிட்டால் என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதே கணக்கில் ஃபேனும் இழுபடும். நான்குவழிச் சாலையில் எண்பதில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அப்போதும் ஃபேன் டீசலைத் தின்றுகொண்டிருக்கும். பம்ப் பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் சுமை. இதையெல்லாம்விட எனக்குப் பயம் இறக்கைகளை நினைத்துத்தான். இருபது வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக். அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் இருந்து, முழு வேகத்தில் ஒன்று பிய்த்துக்கொண்டால் ரேடியேட்டரைக் கிழிக்கும், பானெட்டில் அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் மேலும் பாயும். டார்ச் அடித்து ஒவ்வொரு இறக்கையின் அடியையும் பாருங்கள். விரிசல் தெரிந்தால் ஒட்டவைக்காமல் ஃபேனையே மாற்றுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கும்போது ஃபேனுக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்க வேண்டாம். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டை எதுவும் அருகில் போகக் கூடாது.

கேள்வி: பழைய மாருதி 800. ஃபேன் ஓடும்போது 'கீச்' என்று கத்துகிறது. என்ஜின் ஆறியிருந்தாலும், சாவி போட்டதும் ஓட ஆரம்பித்துவிடுகிறது.
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்களுடையது மோட்டார் ஃபேன், இரண்டு கோளாறு தனித்தனி. கீச் சத்தம் பெரும்பாலும் மோட்டாருக்குள் தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்ததால். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினாலோ இறுக்கமாக இருந்தாலோ மோட்டாரை மாற்றுவதே நல்லது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வரும். சில சமயம் கூண்டில் சிக்கிய ஒரு காய்ந்த இலைகூட இப்படிக் கத்தவைக்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஆறிய என்ஜினிலும் ஓடுகிறது என்றால், சூட்டை உணர்ந்து ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்ச் அல்லது ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவிட்ச்சின் கனெக்டரைப் பிடுங்குங்கள். ஃபேன் நின்றால் சுவிட்ச்சை மாற்ற வேண்டும், நிற்காவிட்டால் ரிலேயையும் அதற்குப் போகும் வயரையும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் கனெக்டரை மறக்காமல் மாட்டிவிடுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் டிராஃபிக்கில் நிற்கும்போது தண்ணீர் கொதித்து ஹெட் கேஸ்கெட் போய்விடும்.